பக்கத்துக் கட்டில்

அத்தியாயம் பதினொன்று

பஞ்சலிங்கம் விடியமுன்னமே சவரம் செய்து, அலுமாரியில் மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியை உடுத்திக்கொண்டு முற்றத்தில் நின்றார்.

"இண்டைக்கு இரத்தம் ஏத்திறது பிள்ளைக்கோ, உங்களுக்கோ?" என்று கேட்டாள் பத்மாவதி.

"பகிடியை விட்டிட்டு அவளைக் கெதியா வெளிக்கிடச் சொல்லும். முதல் நாளே பிந்திப் போகக்கூடாது."

அவர் சிரித்த சிரிப்பு அறைக்குள் இருந்த கஜானிக்குக் கேட்டது. அப்பா இப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! அந்தச் சிரிப்புக்காகவாவது தான் சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தாள். முடியவில்லை.

போன அத்தியாயத்தில் அந்தக் கடிதம் வந்தபோது கூட இருந்த வாசகர்களுக்குச் சிரிப்பின் காரணம் தெரியும். புதிதாக வருபவர்களுக்காக ஒரு வார்த்தை.

கஜானிக்கு வயது இருபத்துநான்கு. தலசீமியாவோடு பிறந்தவள். தனக்கு வேண்டிய இரத்தத்தை அவளுடைய உடம்பு ஒழுங்காகச் செய்துகொள்ளாது. இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை யாரோ கொடுத்த இரத்தம் ஏறினால்தான் அடுத்த இருபத்தொரு நாளும் எழும்பி நடமாடுவாள். கைக்குழந்தையாக இருந்த நாள் தொட்டு அதற்காகக் கரவெட்டியிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறியவள். போகிற நாள்தான் உடம்பில் இரத்தம் குறைந்து கால் துவளுகிற நாள். அன்றைக்கென்று பார்த்து பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்காது.

மூன்று வருஷத்துக்கு முன்னர் ஒருநாள் அவள் பஸ்ஸுக்குள்ளேயே மயங்கி விழுந்தாள். அன்றிலிருந்து பஞ்சலிங்கம் வெங்காயத் தோட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு மனு எழுதத் தொடங்கினார். "இரத்த வங்கி யாழ்ப்பாணத்திலை ஒண்டு இருந்தாக் காணும். அதை எல்லா ஆஸ்பத்திரியும் பங்கிட்டு எடுக்கலாம்தானே. வருத்தக்காரப் பிள்ளையை ஏன் அலைக்கிறியள்? இரத்தத்தை அனுப்புங்கோவன்" என்று அவர் கேட்காத அதிகாரி இல்லை. கடைசியில், கேட்டது கிடைத்துவிட்டதென்று கடிதம் வந்தது. திங்கட்கிழமை மந்திகை ஆஸ்பத்திரியில் கஜானியின் இரத்த மாதிரியை எடுத்தார்கள். அது வாகனத்தில் யாழ்ப்பாணம் போனது. அங்கே பொருத்திப் பார்த்து, புதன் காலை அவளுடைய பெயர் எழுதின பையாகத் திரும்பி வரும். வீட்டிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிஷத்தில் போய்விடலாம்.

ஊரே பஞ்சலிங்கத்தைப் பாராட்டியது. கஜானிக்கு மட்டும் அந்தக் கடிதம் வேறு செய்தி சொன்னது.

பெரியாஸ்பத்திரியில் அவளுடைய பக்கத்துக் கட்டில் றெஜியினுடையது. குருநகர் பெடியன், இருபத்தேழு வயது, அதே வருத்தம். கடலுக்குப் போக உடம்பு இடம் கொடுக்காததால் கரையில் இருந்து படகுகளுக்குப் பெயர் எழுதிக் கொடுப்பான். ஆறு வருஷமாக ஒரே நாளில்தான் இருவருக்கும் இரத்தம் ஏறியது. காலை ஆறு மணிக்கே வந்து, ஜன்னலோரக் கட்டிலில் தன்னுடைய துவாயைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைத்திருப்பான். "அந்தக் கையிலை குத்தாதேங்கோ மிஸ், நரம்பு ஒளிச்சிடும்" என்று அவளுக்கு முந்திச் சொல்வான். தாதி அந்தப் பக்கம் திரும்பியதும் கஜானி தன்னுடைய குழாயில் இரத்தம் சொட்டுகிற வேகத்தைக் கொஞ்சம் குறைத்து விடுவாள். இன்னும் அரை மணித்தியாலம் கூட இருக்கலாமே!

மூன்று கிழமைக்கு முன்னர் கடிதம் வரப்போகிற சங்கதியைச் சொன்னபோது, "நல்லதுதானே, இனி பஸ்ஸிலை இடிபடத் தேவையில்லை" என்றான் றெஜி. ஒரு கிழமை வழமைபோல போனில் எழுதினான். பிறகு நிறுத்திவிட்டான். இன்றோடு பதின்மூன்று நாள்.

"ஏன் பிள்ளை உந்தப் பழஞ்சட்டை?" வாசலில் நின்ற பத்மாவதி கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குத்தானே அம்மா."

"பெரியாஸ்பத்திரிக்குப் போற நாளிலை மூண்டு சட்டை மாத்துவாய்."

கஜானி திரும்பிப் பார்த்தாள். அம்மா அதற்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

*

மந்திகையில் அவளுக்கென்று சின்ன அறையொன்றை ஒழுங்குபடுத்தியிருந்தார்கள். இரண்டு கட்டில், புது மெத்தை, தலைக்கு மேலே காற்றாடி. மற்றக் கட்டில் வெறுமனே கிடந்தது. தாதி சிவகௌரி மிஸ் முகம் மலர வரவேற்றாள்.

"உங்களுக்காகத்தான் ஐயா காத்திருக்கிறம். இஞ்சை முதல் ஆள் உங்கடை மகள்தான்."

"இனி நிறையப் பேர் வருவினம். வந்தா நல்லம்" என்றார் பஞ்சலிங்கம். பிறகு தான் சொன்னது பிழைபோலப் பட்டிருக்க வேண்டும். "வராட்டி இன்னும் நல்லம்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஒன்பது மணிக்கு வாகனம் வந்தது. சிவப்பு மூடி போட்ட குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு எமில்ராஜ் உள்ளே வந்தான். பெரியாஸ்பத்திரி இரத்த வங்கியில் வேலை செய்பவன். அவனும் குருநகர்தான். கஜானியைப் பள்ளிக்கூடச் சட்டையோடு கண்ட காலத்திலிருந்து தெரியும்.

"என்ன தங்கச்சி, எங்களை விட்டிட்டு வந்திட்டாய்? பரவாயில்லை, நான் பின்னாலையே கொண்டு வந்திட்டன்."

பஞ்சலிங்கம் அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பெட்டியைத் திறக்கும்போது கிட்டப் போய் நின்று, பையில் எழுதியிருந்த பெயரை வாய்விட்டு வாசித்தார். "பஞ்சலிங்கம் கஜானி." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சிவகௌரி பெயரையும் இலக்கத்தையும் இரண்டு தரம் ஒத்துப் பார்த்தாள். ஊசி குத்தினாள். ஒளிக்கிற நரம்புதான். மூன்றாம் தரத்தில்தான் பிடிபட்டது. கஜானி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எமில்ராஜ் கடதாசியில் கையொப்பம் வாங்கிக்கொண்டு திரும்பினான்.

கஜானிக்கு இனிப் பொறுக்க முடியவில்லை.

"எமில் அண்ணை, றெஜி இந்தமுறை ஏத்தினவரோ?"

சாதாரணமாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் சாதாரணமாக வரவில்லை.

எமில்ராஜின் முகம் மாறியது. "இல்லை தங்கச்சி. புது ஒழுங்கிலை அவனுக்குத் திங்கக்கிழமை. வரேல்லை. நேற்றும் வரேல்லை. போனும் வேலை செய்யேல்லை. பின்னேரம் வீட்டை போய்ப் பார்த்தன். தாய் வாசலிலை நிண்டு அழுகுது. அறையைப் பூட்டிக்கொண்டு இருக்கிறானாம். இனி இரத்தம் வேண்டாமெண்டு சொல்றானாம்."

"வேண்டாமோ?"

"அவன்ரை குறூப் லேசிலை கிடைக்காதெண்டு உனக்குத் தெரியும்தானே. பொருத்தின ரெண்டு பையும் அங்கை குளிர்பெட்டிக்குள்ளை கிடக்குது. கிளிநொச்சியிலை ஒரு சத்திரசிகிச்சைக்கும் அதே குறூப்தான் கேட்டிருக்கினம். இண்டைக்கு நாலு மணி மட்டும் பொறுத்துப் பார்த்திட்டு அனுப்பிப்போடுவினம். அதுவும் ஒரு உயிர்தானே."

"ஆர் அது றெஜி?" என்று கேட்டார் பஞ்சலிங்கம்.

"அங்கை பக்கத்துக் கட்டிலிலை இருக்கிறவர் அப்பா."

"ஓ, அந்தப் பெடியனோ! நல்ல பெடியன். மழையிலை நனைஞ்சு வந்த அண்டைக்கு எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தவன். ஏனாம் வேண்டாமெண்டு சொல்றான்? விசரோ அவனுக்கு?"

பத்மாவதி மும்முரமாகப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

பஞ்சலிங்கம் எமில்ராஜை விடவில்லை. "வாரும் தம்பி, இவ்வளவு தூரம் வந்தனீர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று கன்ரீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பின்னேரம் கொண்டுபோக வேண்டிய மாதிரிகள் சேரும்வரைக்கும் அவனுக்கும் வேறு வேலை இல்லை.

*

அறையில் தாயும் மகளும் மட்டும்.

கஜானி ஒற்றைக் கையால் போனை எடுத்து றெஜிக்கு அடித்தாள். நிற்பாட்டிக் கிடந்தது. திரும்ப அடித்தாள். அதே பெண்குரல் மூன்று பாஷையிலும் சொல்லி முடித்தது.

குழாயில் இருந்த சிறு சக்கரத்தை உருட்டிச் சொட்டை வேகமாக்கினாள். ஏதோ நினைத்துக்கொண்டு உள்ளே வந்த சிவகௌரி கண்டுவிட்டாள்.

"என்ன வேலை பிள்ளை உது? இதயம் தாங்காது. ரெண்டு பையும் ஏறி முடியப் பின்னேரம் ரெண்டரை மூண்டு மணியாகும். பேசாமல் படு."

மூன்று மணி! கஜானி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தாள். இந்த ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடலாம். ஓடினால் அப்பா மூன்று வருஷம் அலைந்து கொண்டுவந்த இரத்தம் நிலத்தில் ஊற்றுப்படும்.

"ஏனம்மா அவர் அப்பிடிச் செய்யிறார்?" என்று முகட்டைப் பார்த்துக் கேட்டாள்.

பத்மாவதி கட்டில் காலடியில் நின்றாள். கையில் இருந்த போர்வை நாலாகி, எட்டாகிச் சின்னதாகிவிட்டது.

"நான்தான் சொன்னனான்."

கஜானி தலையைத் திருப்பினாள்.

"நீ குளிக்கப் போன நேரம் உன்ரை போனிலை நம்பரை எடுத்தனான். நான்தான் அவனோடை கதைச்சனான். இனி எழுதாதை தம்பி எண்டு."

"அம்மா..."

"என்ன அம்மா? எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? ஆறு வருஷமா நானும் அந்த வாட்டிலைதான் கதிரை போட்டு இருந்தனான். 'உன்னைப் பார்க்க ஒராள் வேணும், அவளைப் பார்க்க ஒராள் வேணும், ரெண்டு நோயாளியும் சேர்ந்து என்ன செய்வியள்?' எண்டு கேட்டன். பிழையோ?"

"அவர் என்ன சொன்னவர்?"

"'ஓம் அன்ரி' எண்டான். வேறை ஒண்டும் சொல்லேல்லை."

*ஓம் அன்ரி.* அதை எப்படிச் சொல்லியிருப்பான் என்று கஜானிக்குக் கேட்டது போல இருந்தது. ஊசி குத்தும்போது நொந்தாலும் "ஓம் மிஸ், சரி மிஸ்" என்று சொல்கிற அதே குரல்.

"ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம். நாளைக்கு ஒரு குழந்தை எண்டு வந்தால் அதுக்கும் இதுதான். டொக்டர் சொன்னதை நீயும் கேட்டனிதானே. நான் ஒண்டை இப்பிடி வளர்த்தது எனக்குத்தான் தெரியும்." பத்மாவதியின் குரல் உடைந்தது. "அவையள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போற ஆக்கள் எண்டதைக்கூட நான் பெரிசா எடுக்கேல்லை."

"குழந்தையைப் பற்றி ஆர் அம்மா கதைச்சது? நாங்கள் கலியாணத்தைப் பற்றியே கதைக்கேல்லை."

"பிறகு ஆறு வருஷமா என்னத்தைக் கதைச்சனீங்கள்?"

என்னத்தைக் கதைத்தார்கள்? தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற குளிசையின் சுண்ணாம்பு ருசியைப் பற்றி. எந்தப் படகுக்கு எந்தப் புனிதரின் பெயர் என்பதைப் பற்றி. பையில் வருகிற இரத்தம் யாருடையதாக இருக்கும், கோபக்காரருடையதாக இருந்தால் நாங்களும் மூன்று கிழமை கோபப்படுவோமோ என்று. ஒன்றுமில்லாத கதைகள்தான்.

"எல்லாம்தான்" என்றாள் கஜானி. "என்னைக் கண்ட எல்லாருக்கும் முதலிலை என்ரை வருத்தம்தான் அம்மா தெரியும். உங்களுக்கும், அப்பாவுக்கும்கூட. அவருக்கு அது தெரியிறதே இல்லை. தன்னிலையும் இருக்கிறபடியாலோ என்னவோ. அங்கை போற நாளிலை மட்டும் நான் ஒரு சாதாரண ஆள்."

பத்மாவதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் அப்பாவிட்டைச் சொல்லப் போறன்."

"வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு மட்டும் வேண்டாம். இண்டைக்கு அவரின்ரை நாள்."

"நாலு மணிக்குப் பிறகு சொல்லி என்ன அம்மா பிரியோசனம்?"

*

பஞ்சலிங்கம் திரும்பி வர மத்தியானம் ஒரு மணி கடந்துவிட்டது. கையில் கடதாசியில் சுற்றின வடை. பக்கத்து வாட்டுக்காரர்கள் இரண்டு பேரிடம் மனுக் கொடுத்த கதையை முதலிலிருந்து சொல்லிவிட்டு வந்திருந்தார். முதற்பை முடிந்து இரண்டாவது பை பாதிக்கு வந்திருந்தது.

"பார்த்தியே பிள்ளை, காத்தோட்டம்! பெரியாஸ்பத்திரியிலை கிடைக்குமோ இது?"

"அப்பா, அடுத்தமுறை நான் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகோணும்."

அவர் வடையை மேசையில் வைத்தார். "ஏன்? மூண்டுதரம் குத்தினவையெண்டோ? பழகப் பழகச் சரிவரும்."

"அதில்லை அப்பா."

"பிறகு? இஞ்சை என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை. நீங்கள் எனக்காகச் செய்ததிலை ஒரு குறையும் இல்லை." அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்து தலையணையில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. ஒன்றில் ஊசி, மற்றதில் போன். "றெஜி அங்கை இருக்கிறார் அப்பா."

பஞ்சலிங்கத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் வெறுங்கட்டிலின் விளிம்பில் மெதுவாக இருந்தார். வெளியே யாரோ சில்லு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டுத் தேய்ந்தது.

"எவ்வளவு காலம்?"

"ஆறு வருஷம்."

"நான் மனுக் கொண்டு திரியேக்கை ஏன் சொல்லேல்லை?"

"பஸ்ஸிலை விழுந்த அண்டைக்கு உங்கடை முகத்தை நான் பார்த்தனான் அப்பா. எப்பிடிச் சொல்ல?"

அவர் பத்மாவதியைப் பார்த்தார். "உமக்குத் தெரியுமோ?"

பத்மாவதி எல்லாவற்றையும் சொன்னாள். நம்பர் எடுத்தது, பேசியது, "ஓம் அன்ரி" என்று அவன் சொன்னது. தன்னை நியாயப்படுத்தவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு வேறை வழி தெரியேல்லை இஞ்சாருங்கோ" என்றாள்.

பஞ்சலிங்கம் சத்தம் போடுவார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்று நாற்பது.

"எமில் நாலு மணியெண்டுதானே சொன்னவன்?"

"ஓம் அப்பா."

எழும்பி வேட்டியை மடித்துக் கட்டினார். வாசலுக்குப் போனார்.

"எங்கை போறியள்? போய் என்ன சொல்லப் போறியள்?" பத்மாவதி பின்னால் ஓடினாள்.

அவர் படியிறங்கிவிட்டார். கஜானி தலையை உயர்த்தி ஜன்னலால் பார்த்தாள். முற்றத்தில் எமில்ராஜ் மாதிரிப் பெட்டியை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு நின்றான். அப்பா ஏதோ சொன்னார். எமில்ராஜ் தலையைச் சொறிந்தான்; ஆட்களை ஏற்றக்கூடாது என்று சொல்லியிருப்பான். அப்பா அதற்கிடையில் முன்கதவைத் திறந்து ஏறி இருந்துவிட்டார். பெட்டியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வாகனம் படலையைக் கடந்து யாழ்ப்பாணப் பக்கம் திரும்பியது.

*

இரண்டாவது பை மூன்று மணிக்கு முன்னர் முடிந்தது. சிவகௌரி ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு, இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள்.

கொண்டுவந்த சோற்றுப் பார்சலைப் பத்மாவதி பிரித்து வைத்தாள். ஒருவரும் தொடவில்லை.

"அவர் கோபத்திலை போனாரோ, என்னெண்டு போனாரோ தெரியேல்லையே" என்றாள் பத்மாவதி.

கஜானிக்கும் தெரியவில்லை. அப்பா அந்தப் பெடியனைத் திட்டினால்? இன்னொருதரம் அவன் "ஓம்" என்று சொல்லிவிட்டால்? இனி இருபத்தொரு நாள், பிறகு இன்னொரு இருபத்தொரு நாள், இந்தப் புது மெத்தையில், இந்தக் காற்றோட்டத்தில். புது இரத்தம் ஏறிய உடம்பு கதகதவென்று இருந்தது. வழமையாக இந்த நேரத்தில்தான் அவனோடு சிரித்துக்கொண்டு இருப்பாள்.

மூன்று இருபதுக்குப் போன் அடித்தது. அப்பா.

"பிள்ளை."

"அப்பா! எங்கை நிக்கிறியள்?"

"இவையின்ரை வீட்டிலை. எமில் வாசலிலை வாகனத்தைத் திருப்பி வைச்சுக்கொண்டு நிக்கிறான்." அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு பெண் விம்மி விம்மி மாதாவைக் கூப்பிடுகிற சத்தம். றெஜியின் தாய் செபஸ்தியம்மாவாக இருக்கவேண்டும். "நான் இருபது நிமிஷமாக் கதைச்சுப் பார்த்திட்டன். அம்மா சொன்னதுக்கு மன்னிப்பும் கேட்டிட்டன். திறக்கிறானில்லை. என்ரை கதை அவனுக்கு ஏறாது பிள்ளை. நீ கதை. போனைக் கதவோடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்."

பத்மாவதி கிட்ட வந்து மகளின் தோளைப் பிடித்தாள். விலக்கவா, தாங்கவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

போனில் கடற்காற்றின் இரைச்சல் வந்தது. கதவுப் பலகையில் ஏதோ உரசியது.

கஜானி வாயைத் திறந்தாள். பதின்மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு சொல்லும் வரவில்லை.

"றெஜி" என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கத்தில், நிலத்தில் இருந்த ஒருவன் எழும்புகிற சத்தம் கேட்டது.